தாவீது, சாலொமோன் நிஜமாவே இருந்தாங்களா? தொல்லியல்ல என்ன இருக்கு?

பழுப்புப்பூனை:
மக்களே ஒரு சந்தேகம். பைபிள்ல வர்ற தாவீது, சாலொமோன், ஆகாப் எல்லாம் நிஜமா ஆண்டவங்களா இல்ல பின்னாடி எழுதிச் சேர்த்ததா? ஒரு வீடியோல எல்லாமே கட்டுக்கதைங்கறாங்க, இன்னொண்ணுல சாலொமோன் கட்டுன வாசலையே தோண்டி எடுத்தாச்சுங்கறாங்க. நம்பிக்கை சண்டை வேணாம், மண்ணுல என்ன கிடைச்சுது, அத மட்டும் சொல்லுங்க.

கல்லெழுத்து:
எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க ப்ரோ. கி.மு. 9-ம் நூற்றாண்டுல இருந்து வர்ற ராஜாக்கள்ல பல பேருக்கு வெளி ஆதாரம் இருக்கு, அதுவும் எதிரியே எழுதி வச்சது. அசீரியாவோட ராஜா மூணாம் சல்மனாசர் கி.மு. 853-ல கர்கார்ங்கற இடத்துல போட்ட சண்டையப் பத்தின கல்வெட்டுல, எதிரி லிஸ்ட்ல இஸ்ரவேலன் ஆகாப், 2,000 ரதம், 10,000 வீரர்னு வருது (2,000 ரதம்ங்கறது ஓவர்னு நிறைய பேர் சொல்றாங்க, எதிரிய பெருசாக் காட்டுனாதானே தனக்கு கெத்து). கூத்து என்னன்னா இந்தச் சண்டையப் பத்தி பைபிள்ல ஒரு வரி கூட கிடையாது. ஆகாபோட அப்பா உம்ரியையும் பைபிள் சில வசனத்துல முடிச்சு அனுப்பிருது, ஆனா அசீரியாக்காரனுக்கு அந்த நாடே உம்ரி வீடுதான். பின்னாடி இஸ்ரவேல் ராஜாவான யெகூ அந்த வம்சத்தையே வெட்டிச் சாய்ச்சிட்டு வந்தவன், அவனுக்கும் சல்மனாசரோட இன்னொரு கல்வெட்டான கருப்புத் தூண்ல உம்ரி மகன்னு பேர் போட்டு, அவனோ அவன் அனுப்புன ஆளோ சல்மனாசர் முன்னாடி நெத்தி தரையில படற மாதிரி கெடக்கறத செதுக்கி வச்சிருக்காங்க. ரெண்டு கல்லும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

பழுப்புப்பூனை:
செம. அப்ப தாவீது, சாலொமோன்?

தோண்டிப்பார்:
அங்கதான் பிரச்சனையே. 1993-ல இஸ்ரேலோட வடக்குல தெல் தான்ல ஒரு கருங்கல் துண்டு கிடைச்சுது, பழைய கல்ல எடுத்து சுவத்துல வச்சுக் கட்டியிருந்தாங்க. அரமேய எழுத்து, கி.மு. 9-ம் நூற்றாண்டு. இஸ்ரவேல் ராஜாவையும் தாவீது வீட்டு (தாவீது வம்சம், தெக்க இருந்த யூதா நாடு) ராஜாவையும் கொன்னேன்னு ஒரு அரமேய ராஜா பீத்திக்கிறான். பேரு ரெண்டும் பாதி உடைஞ்சிருக்கு, இஸ்ரவேல் ராஜா யோராம், யூதா ராஜா அகசியான்னு நிரப்பிப் படிக்கிறாங்க. அது சரின்னா இன்னொரு சிக்கல், பைபிள்படி அவங்க ரெண்டு பேரையும் கொன்னது யெகூ! எப்படியோ, தாவீதுன்னு ஒரு ஆள் வம்சத்தத் தொடங்குனான்ங்கறத இப்ப பெரும்பாலானவங்க ஒத்துக்கறாங்க. எவ்வளவு பெரிய ராஜாங்கறதுதான் அடிதடி. சாலொமோனுக்கு அவர் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு கூட இல்ல. நீங்க சொன்ன வாசல் ஆத்சோர், மெகிதோ, கேசேர்ங்கற பழைய ஊர்கள்ல இருக்கறது, மூணும் ஒரே மாதிரி ஆறு அறை வச்சது. தொல்லியலாளர் யாதின் அத சாலொமோன் கணக்குல எழுதுனார், இன்னொரு தொல்லியலாளர் ஃபிங்கல்ஸ்டைன் வந்து அது ஒரு நூற்றாண்டு பிந்துனது, உம்ரி காலம்னுட்டார். அந்த டேட்டிங் சண்டை இன்னும் ஓயல.

கல்லெழுத்து:
எருசலேம்ல பெருசா ஒண்ணும் கிடைக்கலன்னு யாராவது சொன்னா ஒரு விஷயம் பாக்கணும், சாலொமோன் கட்டுனதா பைபிள் சொல்ற கோயில் இருந்த மலை மேல தோண்டவே முடியாது, அதனால அத வச்சு இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது.

ஓரமாநின்னவன்:
எனக்குப் பிடிச்சது யோயாக்கீன்தான். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடிச்சிட்டுப் போன யூதா ராஜா. பாபிலோன் அரண்மனையில கிடைச்ச களிமண் பலகையில அவனுக்கும் அவனோட அஞ்சு பசங்களுக்கும் இவ்வளவு எண்ணெய்னு ரேஷன் கணக்கு இருக்கு. இதுல பீத்தல் எதுவும் இல்ல, ஸ்டோர் கிளார்க் ஒருத்தன் அளந்து ஊத்திட்டு எழுதி வச்சது. எனக்கு அந்தப் பெரிய கல்வெட்டையெல்லாம் விட இதுதான் ஸ்ட்ராங்.