டெல்டாவுக்கு சட்டம் இருக்கு, நம்ம பாலாத்துக்கு?

கழனிக்காரன்:
ரொம்ப நாளா ஒரு டவுட்டு. 2020ல காவிரி டெல்டாவுக்கு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்க இல்ல, அதுல தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுசா இருக்கு, கடலூர், புதுக்கோட்டைல சில ஒன்றியம் இருக்கு, வேலூர் ராணிப்பேட்டை பேரே இல்ல. எங்களுக்கு மேல்விஷாரம் தாண்டி ரெண்டு ஏக்கர் கழனி, தாத்தா காலத்துல கிச்சிலி சம்பாவும் மல்லாட்டையும் மாத்தி மாத்தி வெச்ச நிலம், இப்ப போர் தண்ணிய வாயில வெக்க முடியல, ஒரே உப்பு. சுத்தி எல்லாரும் பிளாட் போட்டு வித்துட்டாங்க, அண்ணனும் வித்துடலாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அந்த சட்டத்த நமக்கும் கேட்டு வாங்கினா நிலம் தப்பிக்குமா?

பாலாத்து மணல்:
அதுல தடை பண்ண லிஸ்ட்ட பாத்தியாபா? எண்ணெய், கேஸ் எடுக்கறது, தாமிர உருக்காலை, அதோட தோல் பதனிடறதும் இருக்கு! டெல்டால தோல் பதனிடற ஷாப்பு எத்தினி கீது, வாணியம்பாடில எத்தினி கீதுன்னு நீயே எண்ணிப் பாரு. ஆனா ஒண்ணு, அந்தத் தடை புதுசா வர்றதுக்குத்தான், முன்னாடியே ஓடிகினு இருக்கறதுல கை வெக்காது. வீட்டு மனை அந்த லிஸ்ட்டுலயே இல்ல, அதனால உங்க அண்ணன தடுக்க அது உதவாது.

ஆம்பூர் பொண்ணு:
தோல் ஷாப்ப திட்டறது ஈஸிங்கண்ணா, எங்க வீட்ல மூணு பேரு சாப்பாடு அதுலதான். மூடணும்னு கேக்காதீங்க, கழிவு தண்ணிய சுத்தம் பண்ணித்தான் விடணும்னு கேளுங்க. 1996லயே சுப்ரீம் கோர்ட்டு, நம்ம வேலூர் கேஸுலதான், கெடுத்தவங்களே காசு கட்டணும்னு சொல்லி ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபா அபராதம் போட்டு, சுத்திகரிப்பு இல்லாம ஓட்டக் கூடாதுன்னுச்சு. அந்த தீர்ப்ப ஒழுங்கா நடத்தினாலே பாதி உப்பு ஆத்துல எறங்கியிருக்காது, இன்னொரு சட்டம் எதுக்கு?

விரிஞ்சிபுரம் பக்கம்:
சட்டம் வர்றப்ப வரட்டும். மொதல்ல மண்ணையும் தண்ணியையும் எடுத்துட்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு போய் டெஸ்ட்டு பண்ண கேளுங்க தம்பி. களர் நிலத்துக்குன்னே திருச்சி காலேஜுல விட்ட டிஆர்ஒய் 3 நெல்லு இருக்கு, உங்க மண்ணுக்கு ஒத்துவருமான்னு கேட்டுப் பாருங்க. ரிப்போர்ட்டு வர வரைக்கும் அட்வான்ஸ் மட்டும் வாங்கிடாதீங்க.

கழனிக்காரன்:
அட்வான்ஸ் இன்னும் வாங்கல. ஒரு போகம் டைம் குடுன்னு அண்ணன்கிட்ட கேட்டுருக்கேன், அண்ணிதான் மொறைக்கிறாங்க.