புதுப்பிப்பு: அப்பாவின் குவாட் 2 ஆம்புக்கு ஸ்பீக்கர் ஜோடி கிடைத்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே, அப்பாவின் குவாட் 2 வால்வு ஆம்புக்கு (கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பழைய கருவி) எந்தப் பழைய ஹார்ன் (கொம்புவாய்) ஸ்பீக்கர் ஒத்துப்போகும் என்று? (இடது, வலது ஸ்பீக்கருக்குத் தலா 15 வாட்தான், அதனால் குறைந்த வாட்டிலேயே உரக்கப் பாடும் ஸ்பீக்கர் வேண்டும்.) கிளிப்ஷ்ஹார்ன் என்ற பெரிய ஹார்ன் ஸ்பீக்கர் ஆசையை விட்டாயிற்று. அந்த ஜோடிக்கு அறையின் இரண்டு மூலைகள் வேண்டும். எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு மூலையை ஷெல்டர் (பாதுகாப்பு அறை) கதவு பிடித்துக்கொண்டது.

அடெல்ஃபி கடைத்தொகுதியில் பழைய கிளிப்ஷ் ஹெரசி ஸ்பீக்கர் ஜோடியை ஒலிக்கவிட்டுக் கேட்டேன், அன்றே வாங்கிவிட்டேன். சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் எழும் ஒலி) சுமார் 96 டெசிபல். இந்த எண் 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதுமே, அதனால் வால்யூமைப் பாதிகூடத் திருப்புவதில்லை. நாகஸ்வரம் கூடத்துக்கே வந்து நிற்கிறது! பேஸ் (கீழ்ச்சுருதி ஒலி) மெலிவுதான், தரையில், சுவரோரம் தள்ளியதும் தவிலுக்குக் கொஞ்சம் உடம்பு வந்தது. கிராஸ்ஓவரின் (உயர், தாழ் ஒலிகளைப் பிரித்து அனுப்பும் சுற்று) பழைய கெப்பாசிட்டர்களை மாற்றிய பிறகே ஜால்ரா தெளிந்தது.

அம்மா மட்டும் இன்னும் முறைக்கிறார்.