27 வயதில் காவசாக்கி நோய்: குழந்தைகளுக்கான சிகிச்சையேதானா?

கேள்வி:
என் தம்பிக்கு 27 வயது. ஏழு நாட்களாகக் காய்ச்சல் விடவில்லை. கண்கள் பீளை இல்லாமல் சிவந்துள்ளன. உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெரி போலாகி, உடலெங்கும் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டு. மருந்து ஒவ்வாமை என்றே கருதிவந்த மருத்துவர்கள் நேற்றுத்தான் காவசாக்கி நோயாக இருக்கலாம் என்றார்கள். ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் இந்நோய் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது என்றே படித்திருக்கிறேன். பெரியவர்களுக்கு என்ன சிகிச்சை? சில நாட்கள் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில் 1:
மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன், பொறுக்க வேண்டாம். 1967இல் தொமிசாக்கு காவசாக்கி 50 குழந்தைகளிடம் கண்டு விவரித்த இந்நோய் பெரியவர்களுக்கு அரிதாகவே வருவதால், குழந்தைகளுக்கான முறையையே அவர்களுக்கும் கைக்கொள்கிறோம். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் இம்யூனோகுளோபுலினை (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஒரே தவணையாக 10 முதல் 12 மணி நேரம் நரம்பில் ஏற்றுவதோடு ஆஸ்பிரினும் தருவோம். காய்ச்சல் தொடங்கிய 10 நாட்களுக்குள் இது கிடைத்தால், குழந்தைகளில் சுமார் 25 சதவீதமாக இருந்த இதயத் தமனி வீக்கம் ஏறத்தாழ 5 சதவீதமாகக் குறைகிறது. ஆனால் 70 கிலோ எடையுள்ளவருக்கு 140 கிராம், அதாவது பத்து சதவீதக் கரைசலில் 1.4 லிட்டர் தேவைப்படும். ஆகவே இதயமும் சிறுநீரகமும் அந்த அளவைத் தாங்குமா என்று பார்த்தே வேகத்தை முடிவு செய்வார்கள். இதே போன்ற அறிகுறிகளைக் காட்டக்கூடிய நச்சு அதிர்ச்சி நோய் (பாக்டீரியா நச்சால் வருவது), தட்டம்மை, எச்ஐவி ஆகியவை இல்லை என்பதையும் உறுதி செய்யச் சொல்லுங்கள்.

பதில் 2:
எனக்கு 31 வயதில் வந்தது. முதல் தவணை முடிந்து 36 மணி நேரம் கடந்தும் காய்ச்சல் தணியாததால் இரண்டாம் தவணை கொடுத்தார்கள். அதற்கும் அடங்காதவர்களுக்கு ஸ்டீராய்டோ, அழற்சியைத் தணிக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தோ தருவதுண்டாம். மூன்றாம் வாரத்தில் நக ஓரத்திலிருந்து விரல் நுனித் தோல், வெங்காயச் சருகு போல உரிந்து வந்தபோது பயந்துபோனேன். அது இந்நோயின் இயல்புதான். தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பதில் 3:
காய்ச்சல் விட்டதும் எக்கோவை (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) நிறுத்திவிடாதீர்கள். இரண்டாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் மறுபடி எடுக்க வேண்டும். பெரியவர்களின் மார்பில் எக்கோ தெளிவாகத் தெரியாவிட்டால் ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம் ஸ்கேன் கேளுங்கள். ஆஸ்பிரின் எடுக்கும்போது வலிக்கென்று ஐபுப்ரோஃபென் போட்டால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினின் வேலை கெடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று மாலை எக்கோ எடுத்ததில் இதயத்தின் இடது தமனியில் லேசான விரிவு தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு மருந்து ஏறத் தொடங்கியிருக்கிறது. தம்பியின் அருகிலேயே இருக்கிறேன்.