காலி வண்டி யார் கணக்கில்?

கணக்குப்பிள்ளை: நேற்று இந்த மன்றத்தில் நிழல்மரம் எழுதியது: "சிறு விவசாயி நேராக வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தால், இடைத்தரகர் அடித்த லாபம் அப்படியே அவர் பைக்கு வந்துவிடும்." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். நான் கேட்பது ஒன்றே ஒன்று. எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டுக் காலியாகத் திரும்புகிறதே அந்த வண்டி, அது யார் கணக்கில்? தரகர் பிடிக்கிற லாரி ஓரிடத்தில் இறக்கிவிட்டு வேறு சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்பும். இவர் வண்டி வெறும் கூடையோடு திரும்பும்.

நிழல்மரம்: வந்துவிட்டாரய்யா. எங்கே நல்லது பேசினாலும் கால்குலேட்டரோடு முதலில் வந்து நிற்பார். எடையில் அடிப்பது, கழிவு என்று சொல்லிக் கழிப்பது, முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது, இதெல்லாம் உங்கள் பேரேட்டில் எந்தப் பக்கம் வருகிறது?

கணக்குப்பிள்ளை: செலவுப் பக்கம்தான். அதற்கு அடுத்த வரியில் காலி வண்டியும் வருகிறது. உங்கள் பதிவில் அந்த வரி மட்டும் கிழிந்துபோயிருக்கிறது.

மண்வெட்டி: கணக்கு சார், ஜப்பானில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். விளைவிப்பவர்களும் வாங்குபவர்களும் நேரடியாகக் கைகோத்துக்கொள்ளும் முறை அது, தெய்க்கெய் என்று பெயர். 1971ல் தொடங்கிய அந்நாட்டு இயற்கை வேளாண் சங்கம் 1978ல் பத்துக் கொள்கைகளை வகுத்தது. அதில் ஒன்று, விளைச்சலை லாரித் தொழில் செய்பவர்களிடம் விடாமல் விளைவிப்பவர்களோ வாங்குபவர்களோ தாங்களே கொண்டுசேர்க்க வேண்டும் என்பது. கொண்டுவந்த விளைச்சல் முழுவதையும் வாங்குபவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. பிரான்சில் 2001ல் தொடங்கிய 'அமாப்' குழுக்களில் பருவத்துக்கு முன்பே பணம் கட்டிவிட்டு, குறித்த நாளில் குறித்த இடத்துக்கு வந்து அவரவர் பங்கை எடுத்துப் போகிறார்கள். விவசாயி வீடு வீடாக அலைவதே இல்லை.

கணக்குப்பிள்ளை: பிரமாதம். ஒரு காலி வண்டியை ஒழித்துவிட்டு ஊர்ப்பட்ட காலி வண்டியைக் கொண்டுவந்துவிட்டீர்கள். எடுக்க வருகிறவர்கள் வரும்போது காலியாகத்தானே வருகிறார்கள்? 2009ல் கோலி, ஹோவர்ட், வின்டர் என்று மூன்று பேர் இங்கிலாந்தில் இதை ஆராய்ந்தார்கள். இயற்கைக் காய்கறி வாங்கப் பண்ணைக் கடைக்குப் போக வர 6.7 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டினால், பெரிய நிறுவனம் குளிரில் வைத்து, பெட்டியில் அடைத்து, வாசலுக்கே கொண்டுவந்து தருவதைவிடக் கரிப்புகை கூடிவிட வாய்ப்பு அதிகம் என்றார்கள். படித்துப் பாருங்கள்.

மண்வெட்டி: பணத்தில் ஆரம்பித்தீர்கள், நடுவில் புகைக்கு ஏன் தாவினீர்கள்? அதுவும் அந்த ஆய்வில் ஜெயித்ததே வாசலுக்கு வருகிற பெட்டிதான்.

கணக்குப்பிள்ளை: பெரிய நிறுவனத்தின் பெட்டி சார், பெரிய நிறுவனத்தின் பெட்டி. வண்டி நிறையப் போகிறது. அரை வண்டி சரக்கோடு போய் முழுக் காலியாகத் திரும்புவதைத்தான் நான் கேட்கிறேன். இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பார்வையாளன்: ஒரு சின்ன விஷயம். பிரான்ஸ் அரசு 2009ல் தந்த விளக்கப்படி, நடுவில் ஒருவர் வரை இருந்தாலும் அது குறுஞ்சங்கிலிதான், அதாவது விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே கை மாறுவது குறைந்த விற்பனைதான். ஆகவே 'நேரடி' என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால்...

கணக்குப்பிள்ளை: செய்துகொள்ளலாம். வண்டிக்குப் பதில் வரட்டும், அப்புறம்.

தெருவிளக்கு: புகைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2008ல் வெபர், மேத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க வீட்டு உணவுக்குப் போட்ட கணக்கில், பசுங்குடில் வாயுவில் 83 சதவீதம் உற்பத்தியிலேயே வந்துவிடுகிறது. போக்குவரத்து மொத்தம் 11. அதில் கடைக்குக் கொண்டுசேர்ப்பது வெறும் 4. இந்த நாலுக்கா நாள் முழுக்க அடித்துக்கொள்கிறீர்கள்?

நிழல்மரம்: தெருவிளக்கு, அந்த நாலு சதவீதம் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. கடையிலிருந்து வீட்டுக்குப் போவது உங்கள் தாத்தா கணக்கிலா?

தெருவிளக்கு: தாத்தாவை இழுக்க வேண்டாம். பூச்சிமருந்து விவாதத்திலும் இப்படித்தான் பேசி, பிறகு பதிவையே அழித்துவிட்டுப் போனீர்கள்.

நிழல்மரம்: அழித்தது நானில்லை. நிர்வாகி.

வரப்பு: நான் நேரடியாக விற்கிறவன். இங்கே எத்தனை பேருக்குக் கூடை கட்டிப் பழக்கம் என்று தெரியவில்லை. சாயங்காலம் பறித்ததை நிழலில் பரப்பி, பழுத்த இலையைக் கிள்ளி, ஈரம் போன பிறகு எடை போட்டு, கூடைக்கூடைக்குப் பேர் எழுதி முடிக்கும்போது வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். காலையில் போனால் ஒரு வீடு பூட்டியிருக்கும். போன் போட்டால் "பக்கத்து வீட்டில் கொடுத்துடுங்க" என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரரோ முறைப்பார். போன வாரப் பாக்கியைக் கேட்டால் "சேர்த்துத் தருகிறேனே" என்பார்கள். தரகரிடம் போட்டால் இந்த வேலை ஒன்றும் இல்லை. ஆனால் விலையும் இல்லை. இதில் என் ராத்திரிக்கு எவரும் கூலி எழுதவில்லை. வண்டியையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை: பார்த்தீர்களா! விற்கிறவரே சொல்லிவிட்டார். தரகர் செய்த வேலை எங்கேயும் போகவில்லை, இவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. கூடவே காலி வண்டியும்.

வரப்பு: காலி வண்டி என்று நான் எங்கே சொன்னேன்? திரும்பும்போது தீவனமும் விதையும் ஏற்றிக்கொண்டுதான் வருகிறேன்.

கணக்குப்பிள்ளை: ஒவ்வொரு தடவையுமா?

வரப்பு: தேவைப்படும்போது.

கணக்குப்பிள்ளை: அப்போது தேவைப்படாதபோது? காலி. நன்றி.

மண்வெட்டி: வரப்பு அண்ணே, இவரிடம் ஏன் பேசுகிறீர்கள்? வாழ்நாளில் ஒரு செடி நட்டிருப்பாரா கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை: டீசல் விலை தெரிந்துகொள்ளச் செடி நட வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன தெய்க்கெய்யிலும் வண்டி காற்றிலா ஓடுகிறது? வாங்குபவர் ஓட்டினால் செலவு அவருக்கு, விளைவிப்பவர் ஓட்டினால் இவருக்கு. தரகர் போனார், செலவு போகவில்லை. முன்பணம் கட்டினால் டீசல் குறையுமா?

மண்வெட்டி: குறையாது. ஆனால் எத்தனை கூடை என்று முதலிலேயே தெரியும், விளைவதும் வீணாகாது. அது உங்களுக்குப் புரிந்தும் புரியாத மாதிரி நடிக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை: எனக்கு நன்றாகவே புரிகிறது. நிழல்மரத்துக்குத்தான் "அப்படியே பைக்கு வந்துவிடும்" என்று எழுதும்போது புரியவில்லை. 'அப்படியே'வை எடுத்துவிடட்டும், நான் போய்விடுகிறேன்.

நிழல்மரம்: எடுக்க மாட்டேன். உங்களுக்காக ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். கூட்டுறவு விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை நீங்கள் பதில் சொன்னீர்களா? ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனவர்தானே?

கணக்குப்பிள்ளை: பதில் சொன்னேன். மூன்றாம் பக்கம் போய்ப் பாருங்கள்.

நிழல்மரம்: பார்த்தேன். "நேரமில்லை" என்று இருக்கிறது. அதைத்தான் எடுத்து இங்கே ஒட்டப்போகிறேன்.

கணக்குப்பிள்ளை: தாராளமாக ஒட்டுங்கள். ஒட்டும்போது அதற்கு மேலே நீங்கள் என்னைத் திட்டியிருப்பதையும் வெட்டாமல் சேர்த்து ஒட்டுங்கள்.