ஹைகேட்டில் படுத்திருக்கும் நாய்

லண்டனில் நம்மாட்கள் ஹைகேட் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது பெரும்பாலும் மார்க்ஸைப் பார்க்கத்தான். நானும் அதற்குத்தான் போனேன். அவர் இருப்பது கிழக்குப் பக்கம். சாலையைத் தாண்டி மேற்குப் பக்கம் போனால், ஒரு கல்லறைக்கு முன்னால் பெரிய நாய் ஒன்று கல்லாகப் படுத்திருக்கிறது. உள்ளே இருப்பவர் டாம் சேயர்ஸ். 1826இல் பிரைட்டனில் பிறந்தவர், கொத்தனார். கையுறை போடாமல் குத்துச்சண்டை போட்ட காலத்தின் சாம்பியன்.

எங்கள் குழுவில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். இளவயதில் அவரும் ரிங்கில் இறங்கியவராம். வழிகாட்டி இரண்டு வரி சொல்லிவிட்டு நகர, இவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

சேயர்ஸ் ஐந்தடி எட்டு அங்குலம், எடை எழுபது கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அன்று எடைப் பிரிவெல்லாம் கிடையாது, தன்னைவிடப் பெரிய ஆட்களோடுதான் மோத வேண்டும். அப்படியும் தோற்றது ஒரே முறை, 1853இல் நாட் லாங்ஹமிடம். வெறுங்கையால் மண்டையில் அடித்தால் உடைவது நம் விரல்தான் என்று சொல்லி, தன் கோணிப்போன விரலை நீட்டிக் காட்டினார் பெரியவர். ஒருவர் கீழே விழுந்தால்தான் சுற்று முடியும், பிறகு 30 வினாடி ஓய்வு. இடுப்புக்கு மேலே பிடித்துத் தூக்கிப் போடவும் செய்யலாம். கேட்கவே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

1860 ஏப்ரல் 17, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ. எதிரே அமெரிக்காவின் ஜான் ஹீனன், ஆறடிக்கு மேல் உயரம். இந்தச் சண்டையே சட்டவிரோதம். எங்கே போகிறோம் என்று சொல்லாமல் விடியற்காலையில் லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து ரயில் விட்டிருக்கிறார்கள்! தொடக்கத்திலேயே சேயர்ஸின் வலது கை போய்விட்டது. இடது கையை மட்டுமே நம்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார். ஹீனனுக்கோ கண் வீங்கிப் பார்வை மறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கூட்டம் உள்ளே புகுந்து எல்லாம் குழம்ப, சமன் என்று ஆளுக்கொரு சாம்பியன் பெல்ட் கொடுத்தார்கள்.

இனி சண்டைக்கே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு மக்கள் சேயர்ஸுக்குத் திரட்டியது 3,000 பவுண்டு. அந்தக் காலத்தில் பெரும் பணம். அவர் சர்க்கஸ் ஒன்றை வாங்கி நஷ்டப்பட்டார். 1865இல் இறந்தபோது வயது 39தான். கையை உபயோகிக்காதே என்று ஒரு கொத்தனாரிடம் பணம் கொடுத்துச் சொன்னால் அவர் வேறு என்னதான் செய்வார்? இறுதி ஊர்வலத்துக்குப் பெருங்கூட்டம். சவ வண்டிக்குப் பின்னால் தனி வண்டியில் அவருடைய நாய் லயன் போனது.

அப்புறம் சும்மா இருக்காமல் ஒன்று கேட்டேன். ஹீனன் ரிங்கைச் சுற்றிய கயிற்றில் வைத்துக் கழுத்தை நெரித்தபோது சேயர்ஸ் ஆட்கள்தான் கயிற்றை அறுத்துக் காப்பாற்றினார்கள் என்கிறார்களே? பெரியவர் முகம் சிவந்துவிட்டது. அதெல்லாம் அமெரிக்கக்காரன் கட்டிய கதை, இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் ஹீனனுக்கு முழுக்கண்ணும் இருண்டிருக்கும் என்று வாசல் வரை விடாமல் வாதாடினார்.