முதல் தெரபிஸ்ட் ஒத்து வரவில்லை, அடுத்தவரை எப்படித் தேடுவது?

நள்ளிரவு_விழிப்பு:
ஆறு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு, இரண்டரைக்கு விழிப்பு வரும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், அப்புறம் விடியும்வரை புரண்டுகொண்டே கிடப்பேன். இதயம், தைராய்டு எல்லாம் பரிசோதித்துவிட்டார்கள், ஒன்றும் இல்லை. போன மாதம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு தெரபிஸ்டிடம் போனேன். நான் பேச ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "ரொம்ப யோசிக்காதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார். நடுவில் இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இன்னொருவரிடம் போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே என்று நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர் என்று ஆளுக்கொரு பெயர் வேறு. யாரிடம் போவது?

கிளைநதி:
படிக்கட்டில் அழுததைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. தவறு உங்களுடையது இல்லை.

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதித் தருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெரும்பாலும் பேச்சு வழியாகவே சிகிச்சை தருவார். கவுன்சிலர் என்ற பெயருக்குத்தான் இடத்துக்கு இடம் அர்த்தம் மாறும், சில இடங்களில் முறையான பயிற்சி இல்லாதவர்கூட அந்தப் பெயரில் போர்டு மாட்டிக்கொள்ளலாம். அதனால் என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்லவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

நீங்கள் சொல்லும் படபடப்புக்கு சிபிடி என்ற முறையைப் பற்றி விசாரியுங்கள், நம் எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் கவனித்து மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை அது. 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கியது. பொதுவாக வாரம் ஒரு செஷன், ஐம்பது நிமிடம் போல, சில மாதங்கள் நடக்கும். சும்மா பேசிவிட்டு வருவதில்லை, வீட்டில் செய்து பார்க்கவும் வேலை கொடுப்பார்கள். "என் பிரச்சினைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் உங்களுக்குப் புரிகிற மாதிரி பதில் வர வேண்டும்.

தாளில்_எழுதியவன்:
எனக்கு மூன்றாவது ஆள்தான் சரியாக அமைந்தார். அவரிடமும் முதல் நாள் வாயே திறக்க வரவில்லை. ஒரு தாளில் பதினோரு வரி எழுதிக்கொண்டு போயிருந்தேன், எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகமாகிறது, எதையெல்லாம் செய்யாமல் விட்டுவிட்டேன் என்று. நான்காவது வரியிலேயே குரல் உடைந்துவிட்டது, தாளை அப்படியே அவரிடம் நீட்டினேன். மெதுவாகப் படித்துவிட்டு, "இதில் எந்த வரியை எழுதத்தான் ரொம்ப நேரம் ஆனது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு நம்பிக்கை வந்தது. எல்லாவற்றையும் முதல் நாளே கொட்ட வேண்டிய அவசியம் இல்லை, நீங்களும் ஒரு தாள் எழுதி வையுங்கள், யாரிடம் போனாலும் அதையே நீட்டலாம்.

ஒரு தடவை "நீங்கள் ரொம்ப வேகமாகப் போகிறீர்கள், என்னால் முடியவில்லை" என்று அவரிடமே சொன்னேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

செஷன்_அறை:
நான் இந்தத் துறையில் வேலை செய்கிறேன். 1979இல் எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் தெரபிஸ்டுக்கும் அவரிடம் வருபவருக்கும் உள்ள உறவைப் பற்றி மூன்று விஷயம் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போக வேண்டும், இடையில் ஒரு பிணைப்பும் வேண்டும். மூன்று, நான்கு செஷன் கழித்து இதை வைத்துப் பாருங்கள். செஷன் முடிந்து வரும்போது சோர்வாக இருப்பது சகஜம். ஆனால் உங்களை அவமானப்படுத்தினாலோ, நீங்கள் சொல்வதைக் காதில் வாங்காமலே அறிவுரை சொன்னாலோ நான்கு செஷன்வரை காத்திருக்காதீர்கள், மாறிவிடுங்கள். நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும், உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் அதற்கு விதிவிலக்கு உண்டு, இதை முதல் நாளே அவர்கள் சொல்ல வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

நள்ளிரவு_விழிப்பு:
அப்படி எண்ணம் எதுவும் இல்லை, கேட்டதற்கு நன்றி. நேற்று ராத்திரி விழிப்பு வந்தபோது எழுந்து உட்கார்ந்து ஆறு வரி எழுதினேன். காலையில் இரண்டு பேருக்குச் செய்தி அனுப்பினேன். ஒருவர் வியாழக்கிழமை பதினைந்து நிமிடம் போனில் பேசலாம் என்று பதில் போட்டிருக்கிறார். என்ன படித்தீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.