தண்ணீரே இல்லாத அணை: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

யார்க்வாசி:
அணை பார்க்கலாம் வா என்று கூட வேலை செய்பவர் பிக்கரிங் ஊருக்கு அழைத்துப் போனார். இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில் இருக்கும் சின்ன ஊர். அதற்கு வடக்கே நியூட்டன்டேல் பள்ளத்தாக்கு, பக்கத்திலேயே நீராவி ரயில் பாதை. மேட்டூரைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அங்கே அணை எதுவும் தட்டுப்படவில்லை. புல் மூடிய மண் கரை ஒன்று, அவ்வளவுதான். நம்மூர் ஏரிக்கரை கணக்காக இருந்தது, ஏரியைத்தான் காணோம்! வெள்ளம் வந்தால் மட்டும் கரைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும், அப்புறம் மெல்ல வடிந்துவிடும். கொள்ளளவு 1,20,000 கன மீட்டர்.

1999, 2000, 2002, 2007 என்று அடுத்தடுத்து வெள்ளம் கண்ட ஊர் அது. ஊருக்குள் பெரிய சுவர் எழுப்பச் செலவு கட்டுப்படியாகவில்லை. அதனால் மேலே ஓடைகளின் குறுக்கே மரக்கட்டைகளை அடுக்கினார்கள். ஒன்றை உட்கார்ந்து பார்த்தேன். கட்டைக்கு அடியில் இடைவெளி விட்டிருக்கிறார்கள், சாதாரண நாளில் ஓடை தன்பாட்டுக்கு நுழைந்து போகிறது. மழை வலுத்தால்தான் கட்டைக்கு வேலை. 2015 டிசம்பர் 26 அன்று யார்க் நகரமே மிதந்தது, பிக்கரிங் தப்பியது. மழையும் ஓரளவு கருணை காட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓக்லஹோமா அக்கா:
தம்பி, அமெரிக்காவில் எங்கள் ஓக்லஹோமா மாநிலத்தில் இப்படிச் சின்ன அணைகள் இரண்டாயிரத்துக்கு மேல். கார்டெல் ஊர்ப் பக்கத்தில் கிளவுட் கிரீக் ஓடையில் 1948இல் கட்டியதுதான் இந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. இவை வறண்டு கிடக்காது. குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணீர் நிற்கும், மாடு குடிக்கும், ஆட்கள் மீன் பிடிப்பார்கள். நடுவில் கான்கிரீட் கோபுரம் ஒன்று நிற்கும். நீர் அதன் வாயை எட்டினால் உள்ளே விழுந்து, குழாய் வழியாகக் கரைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

கரையில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லையே என்று ஒருவரிடம் கேட்டேன். வேர் கரையைத் துளைத்துவிடும், முளைத்தால் உடனே வெட்டிவிடுவோம் என்றார்.

யார்க்வாசி:
இத்தனை பழைய அணைகள் இன்னும் தாங்குமா அக்கா?

ஓக்லஹோமா அக்கா:
பலவற்றுக்கு 50 வருடம்தான் கணக்கு போட்டார்கள். அன்று கீழே வயல், இன்று சில இடங்களில் வீடுகள். அங்கெல்லாம் கரையைப் பலப்படுத்தியே ஆக வேண்டும். வீடு வாங்கும் முன் மேலே என்ன இருக்கிறது என்று நான் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.